படகில் வழி பார்க்க டேப்லெட்டா, கைஜிபிஎஸ்ஸா, சார்ட் பிளாட்டரா? வெயிலை வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள கைபேசி, கணினிக் கடைகளுக்குத் தொண்டி, எஸ்.பி. பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர்களும் வருகிறார்கள். அண்மைக் காலமாக அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, படகில் வழி பார்ப்பதற்கு ஒரு டேப்லெட் போதுமா, அல்லது கையில் பிடிக்கும் ஜிபிஎஸ், கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் சார்ட் பிளாட்டர் போன்ற, அதற்கென்றே செய்யப்பட்ட கருவிதான் வேண்டுமா என்பது. தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையைப் போன்ற இடங்களில் படித்துவிட்டுச் சிறு படகுகளில் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கும் இதே ஐயம் உண்டு. பெரிய திரை, பழகிய இயக்கமுறை, தமிழில் கிடைக்கும் செயலிகள், கடற்கருவியைவிடக் குறைந்த விலை ஆகியவை டேப்லெட்டின் பக்கம் இழுக்கின்றன. ஆனால் கடையின் குழல்விளக்கில் பளிச்சென்று தெரிந்த திரை, கடலில் பத்து மணி வெயில் ஏறியதும் கறுப்புக் கண்ணாடியாகிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிழல் இல்லாத படகில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் டேப்லெட்டை முதன்மைக் கருவியாக வைக்கக் கூடாது. நிழல் உள்ள படகில், விலை குறைந்த டேப்லெட்கூட நல்ல இரண்டாம் திரையாக உழைக்கும். இந்தக் கடல் பாக் விரிகுடா என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆறு புள்ளிகளை இணைத்து வரையப்பட்ட எல்லைக்கோடு, நம் கரையிலிருந்து எளிதில் எட்டிவிடும் தொலைவில் ஓடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் படகு பறிமுதலாகும், ஆட்கள் சிறைக்குப் போவார்கள். ஆகவே படகு நிற்கும் இடத்தைக் காட்டும் எண், ஓட்டுபவர் ஒரு முறை திரும்பிப் பார்த்த உடனே தெரிந்தாக வேண்டும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

வெயிலில் தெரிதல். திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். சாதாரண டேப்லெட்டுகள் 400 முதல் 500 நிட் வரை தரும். அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. திரையின் மேல் விழுந்து திரும்பும் ஒளியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது. நடுப்பகலின் நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). அந்த வெயிலில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை சுமார் 25,000 நிட் அளவுக்கு ஒளிர்கிறது. சிறப்புப் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒரு பரப்பு, தன்மேல் நேராக விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் திரையில் தெரியும் சட்டையின் பிம்பமே 1,000 நிட் ஆகிவிடுகிறது. 500 நிட் வரைபடத்தின் மேல் 1,000 நிட் பிம்பம் படிந்தால் ஆழ எண்களும் கோடுகளும் கரைந்து போவதில் வியப்பில்லை.

இப்போது தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். நிழலுக்குள் வெளிச்சம் 10,000 முதல் 20,000 லக்ஸுக்கு இறங்கும், அதே சட்டையின் பிம்பமும் 100 முதல் 200 நிட்டுக்கு இறங்கிவிடும். 500 நிட் திரை இந்த நிழலில் தரும் தெளிவை நேர் வெயிலில் பெற வேண்டுமானால் 2,500 நிட்டாவது தேவைப்படும். அவ்வளவு ஒளியை வரைபடம் முழுவதற்கும் தொடர்ந்து தரும் டேப்லெட் கடைகளில் கிடைப்பதில்லை. தார்ப்பாய்க்கு ஆகும் செலவு, எந்த விலை உயர்ந்த திரையும் தராத பயனைத் தருகிறது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம். நம் பக்கம் வெள்ளைச் சட்டைதான் வழக்கம் என்றாலும், திரை பார்க்கும் பொறுப்புள்ளவர் கருநீலச் சட்டை அணிவது செலவே இல்லாத முதல் திருத்தமாகும்.

விளம்பரத்தில் வரும் எண்களிலும் கவனம் தேவை. உச்ச ஒளி என்று குறிக்கப்படுவது பெரும்பாலும் திரைப்படக் காட்சியில் ஒரு சிறு பகுதி சில நொடிகள் ஒளிரும் அளவு. முழுத் திரையும் வெளிர்நிறமாக இருக்கும் கடல் வரைபடத்துக்கு அது கிடைக்காது. சில கருவிகளில் ஒளியைத் தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்திவிட்டால் மிகை ஒளி நிலையும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால், வெயிலில் அந்த வசதியை இயக்கிவைப்பதே நல்லது. செயலியில் கறுப்புப் பின்னணியைத் தேர்ந்தெடுக்காமல் வெண்ணிறப் பகல் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் கறுப்பின் மேல்தான் முகமும் வானமும் தெளிவாகப் பிம்பமாகும். இத்துடன் போலராய்டு வகைக் கூலிங் கிளாஸ் அணிபவர்களுக்கு ஒரு தொல்லை சேர்கிறது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வது. கண்ணாடியின் திசையும் திரையின் திசையும் குறுக்காக அமைந்தால் திரை முழுவதும் இருண்டுவிடும். நெடுக்காகப் பிடித்தால் தெரியும் திரை, படுக்கையாக வைத்தால் தெரியாமல் போகலாம்.

சூடு. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் கடலில் டேப்லெட்டை உண்மையில் வீழ்த்துவது இதுதான். ஐபேட் 0 முதல் 35 டிகிரி வரையான சுற்றுவெப்பத்தில் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது என்று அதன் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பெரும்பாலானவற்றின் நிலையும் இதை ஒட்டியதே. சித்திரை, வைகாசியில் நம் பகுதியின் நிழலே அந்த அளவைத் தாண்டிவிடும்; வெயிலில் கிடக்கும் கறுப்புக் கண்ணாடி அதைவிடப் பல டிகிரி சுடும். சூடு ஏறியதும் கருவி முதலில் திரையின் ஒளியைக் குறைக்கும், பிறகு மின்னேற்றத்தை நிறுத்தும், கடைசியில் எச்சரிக்கை காட்டி அணைந்துவிடும். கூடுதல் ஒளி தேவைப்படும் அதே வேளையில் ஒளி குறைகிறது என்பதுதான் இதன் கொடுமை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், விசைப்படகுகள் ஆண்டின் மிகக் கடும் வெயிலில் கரையில் கட்டிக்கிடக்கின்றன. அந்த நாட்களிலும் கடலுக்குப் போவது நாட்டுப்படகுகளே, அவற்றில்தான் நிழலும் இல்லை. ஆகவே ஒரே கருவியை இரு வகைப் படகுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பது தவறு.

நீரும் உப்பும். டேப்லெட்டின் தொடுதிரை விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், தெறித்த துளிகளையே விரல் என்று எண்ணி வரைபடம் தானே நகரும். ஈரக் கையால் தொட்டால் எதுவும் நடக்காது. ஐபி68 என்ற நீர்புகாத் தரக்குறியீட்டுக்கான சோதனை நன்னீரில் செய்யப்படுவது, உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் உறுதியளிப்பதில்லை. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதைக் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் நெடுங்காலம் ஆய்ந்திருக்கிறது. நம் கடலோரக் காற்று உலோகத்தைத் தின்னும் காற்று. டேப்லெட்டில் அது முதலில் கைவைப்பது மின்னேற்றத் துளையில்.

மின்சாரம், இடமறிதல். முழு ஒளியில் எரியும் டேப்லெட்டின் பேட்டரி, வீட்டில் நிற்பதைப் போல நிற்காது. செயற்கைக்கோள் மூலம் இடமறிவதற்குக் கைபேசிச் சிக்னல் தேவையில்லை, ஆனால் அதை உணரும் சில்லு கருவிக்குள் இருக்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் அது கிடையாது, சிம் போடும் மாடல்களில் மட்டுமே உண்டு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் வேறுபடும். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

## சாதாரண டேப்லெட்

கேபின் உள்ள விசைப்படகுக்கு இதன் பயன் பெரிது. சுக்கானுக்கு அருகே, முன்கண்ணாடி வழியாக நேர் வெயில் விழாத மூலையில் பொருத்தினால் 500 நிட் போதுமானது. ஓப்பன்சிபிஎன் போன்ற கடல் வரைபட மென்பொருளை ஆண்ட்ராய்டிலும் நிறுவலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய ஃபிஷர் ஃபிரண்ட் செயலி தமிழில் இயங்குகிறது, எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. இந்த எச்சரிக்கை ஒலியை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் திரை தெரியாவிட்டாலும் காது கேட்கும். ஆனால் சூட்டில் அணைந்துபோன டேப்லெட் ஒலிக்கவும் செய்யாது.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் பல. நீர்புகா உறை வாங்கினால் தண்ணீர்த் தொல்லை தீரும், வெளிச்சத் தொல்லை கூடும்: உறையின் பிளாஸ்டிக்குக்கும் திரைக்கும் நடுவே காற்று நிற்பதால், ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்புகள் இரண்டு கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4 விழுக்காடு என்றால், பிம்பம் மூன்று மடங்கை நெருங்கும். அதே உறை வெப்பத்தையும் உள்ளே பூட்டிவைக்கும், அதிலும் கறுப்பு உறை அடுப்புக்குச் சமம். மேட் வகை ஒட்டுத்தாள் முகத்தின் பிம்பத்தைக் கலைக்கும். நேர் வெயில் பட்டாலோ திரை முழுவதும் பால் படிந்தது போல வெளுத்துவிடும். எனவே நிழலில் மட்டும் அது நல்லது. படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து டேப்லெட்டுக்கு மின்னேற்றுவதற்குத் தரமான மாற்றி ஒன்று வேண்டும். மலிவான மாற்றிகள், படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியில் இரைச்சலைக் கிளப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் சூட்டில் உழைக்கும் லித்தியம் பேட்டரி விரைவில் உப்பிவிடும், அதை மாற்றும் செலவு டேப்லெட்டின் விலையில் பெரும் பங்கை விழுங்கும்.

## விலை உயர்ந்த, ஒளி மிகுந்த டேப்லெட்

2024இல் வந்த ஐபேட் ப்ரோ முழுத் திரைக்கும் 1,000 நிட் தருகிறது, அதன் கண்ணாடியில் பிம்பத்தைக் குறைக்கும் பூச்சும் உண்டு. மேலே சொன்ன கணக்கில், ஒளி இரட்டிப்பாகி, பிம்பம் பாதிக்கும் கீழே இறங்கினால், தெளிவு நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. இது மெய்யான முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் இதுவும் 35 டிகிரி வரம்புக்கு உட்பட்டதே. நீர்புகாத் தரக்குறியீடு எதுவும் இதற்கு இல்லாததால் உறை போட்டே ஆக வேண்டும். உறை போட்ட அந்த நொடியே பூச்சுக்குக் கொடுத்த பணம் வீணாகிறது. வெளிவந்தபோது சிம் மாடலின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. மீன்பிடிப் படகுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு வேலைக்காக ஏற்கெனவே வைத்திருப்பவர் கூரையுள்ள படகில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

## கரடுமுரடான வேலைக்கான டேப்லெட்

சாம்சங்கின் டேப் ஆக்டிவ் வரிசை போன்ற, ரக்கட் என்று அழைக்கப்படும் டேப்லெட்டுகள் ஒளியில் சாதாரண டேப்லெட்டைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். அவற்றின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது: உறை இல்லாமலே தண்ணீரைத் தாங்கும் என்பதால் கூடுதல் பிம்பப் பரப்புகள் இல்லை, பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், துளைக்குப் பதிலாக வெளிமுனைகள் வழியாக மின்னேற்றலாம், கையுறையோடு தொடலாம், பக்கவாட்டில் பொத்தான்கள் இருக்கும். தொடர்ந்து தகவல் பதிய வேண்டிய கள ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை என்னவென்றால், நம் ஊர்க் கடைகளில் இது இருப்பில் இருப்பது அரிது, பழுதானால் பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

## கையில் பிடிக்கும் ஜிபிஎஸ்

இந்த ஒப்பீட்டில் வெயிலை எதிரியாகக் கொள்ளாத கருவி இது ஒன்றே. இவற்றில் பலவற்றின் திரை, மேலே விழும் வெளிச்சத்தையே பின்னாலிருந்து திருப்பி அனுப்பிப் படத்தைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. வெயில் கூடக் கூடத் தெளிவு கூடும், பின்விளக்கே தேவைப்படாது. அதனால் மின்செலவு மிகக் குறைவு. கார்மினின் 78 வரிசை போன்ற கடற்கருவிகள் இரண்டு பென்சில் பேட்டரிகளில் இயங்குகின்றன, தண்ணீரில் விழுந்தால் மிதக்கின்றன, எல்லாவற்றையும் பொத்தானால் இயக்கலாம். மாற்றுப் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது, மின்னேற்ற வழியே இல்லாத ஃபைபர் படகுக்குச் சிறிய வசதி அல்ல.

திரை சிறியது என்பது உண்மைதான்; வயதான கண்களுக்கு வரைபடம் பார்ப்பது கடினம். ஆனால் நாட்டுப்படகில் போகிறவர் வரைபடத்தைப் படிப்பதைவிட, பதிந்துவைத்த பாயிண்டுக்கு, அதாவது இடக்குறிக்கு, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பதையே பார்க்கிறார். அதைப் பெரிய எண்ணில் இந்தச் சிறு திரை காட்டிவிடும். பாயிண்டுகளைப் பதியும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். டிகிரியும் நிமிடமுமாகக் கொடுத்த எண்ணைப் பதின்ம டிகிரியாக அடித்துவிட்டால், 9 டிகிரி 57 நிமிடம் என்ற இடம் 9.57 டிகிரி ஆகி, 22 கடல்மைலுக்கு மேல் விலகிவிடும்.

## படகில் பொருத்தும் சார்ட் பிளாட்டர்

இவற்றின் திரைகள் 1,000 நிட்டும் அதற்கு மேலும் தருபவை, பலவும் 55 டிகிரி வரை இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை. கண்ணாடியும் திரையும் காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பதால் பிம்பமும் குறைவு. ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் (ஆழமானி) அதிலேயே இணைந்திருந்தால், ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அடித்தளத்தையும் ஒரே பார்வையில் காணலாம். காலையில் புறப்பட்டு இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் காலை திரும்பும் விசைப்படகுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இந்தத் திரைகளை இருட்டுக்கு ஏற்ப மிக மங்கலாக்க முடியும். டேப்லெட்டின் மிகக் குறைந்த ஒளிகூட நள்ளிரவில் கண்ணைக் கூசச் செய்து, எதிரே வரும் படகின் விளக்கை மறைத்துவிடும்.

இதன் செலவு கருவியின் விலையோடு நிற்காது. மின்கம்பி, ஃபியூஸ், ஆழமானியின் உணரியை அடிப்பலகையில் பொருத்தும் கூலி, வரைபட அட்டை ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தரமாகப் பொருத்துவதால் திருட்டு அச்சமும் உண்டு. திறந்த படகில் இதற்கு மின்சாரமும் இடமும் கிடைப்பதில்லை.

## கைபேசியும் மின்தாள் திரையும்

நடுத்தர விலைக் கைபேசிகள் பலவும் இன்று வெயிலில் 1,000 நிட்டைத் தொடுகின்றன, அதாவது சாதாரண டேப்லெட்டைவிடக் கைபேசியே வெளியில் நன்றாகத் தெரியும். மாற்றுக் கருவியாக அதை உலர்ந்த பையில், நிழலில், அணைத்து வைத்திருப்பது போதும். மின்புத்தகக் கருவிகளில் இருப்பது போன்ற மின்தாள் (இ-இங்க்) திரையுள்ள டேப்லெட் வெயிலில் அச்சிட்ட தாளைப் போலத் தெரிந்தாலும், நகரும் படத்தைப் புதுப்பிப்பதில் மெதுவானது, இடமறியும் வசதியும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் அதை ஒதுக்கிவிடலாம்.

| கருவி | நேர் வெயிலில் | சூட்டில் | ஈரக் கையில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சாதாரண டேப்லெட் | தெரியாது | விரைவில் மங்கும் | இயங்காது | உறை, மாற்றி, பேட்டரி |
| ஒளி மிகுந்த டேப்லெட் | ஓரளவு | மங்கும் | இயங்காது | உறையால் பூச்சின் பயன் இழப்பு |
| ரக்கட் டேப்லெட் | மங்கல் | ஓரளவு தாங்கும் | பொத்தான் உண்டு | பாகங்களுக்குக் காத்திருப்பு |
| கைஜிபிஎஸ் | மிகத் தெளிவு | தாங்கும் | இயங்கும் | பேட்டரி, சிறிய திரை |
| சார்ட் பிளாட்டர் | தெளிவு | தாங்கும் | பொத்தான் உள்ள மாடலில் இயங்கும் | பொருத்தும் கூலி, வரைபட அட்டை |

## யார் எதை வாங்கலாம்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டின விசைப்படகு உரிமையாளர் சார்ட் பிளாட்டரை முதன்மையாகவும், சாதாரண டேப்லெட்டை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் தனித்தனி மின்சார வழி இருக்க வேண்டும். ஒரே ஃபியூஸ் போனால் இரண்டும் அணையும் அமைப்பில் இரண்டாவது கருவிக்குப் பொருளே இல்லை. எல்லை எச்சரிக்கையைக் கோட்டிலேயே வைக்காமல், நீரோட்டம் இழுத்தாலும் திரும்புவதற்கு நேரம் கிடைக்கும் அளவுக்குக் கோட்டுக்கு மேற்கே தள்ளி வைக்க வேண்டும்.

தொண்டிப் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் கைஜிபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் ஒரு தார்ப்பாயும் நல்ல உயிர்காப்பு அங்கியும் வாங்குவதையே நான் விரும்புவேன். சோழகம் எனும் தென்காற்றில் தண்ணீர் வாரியடிக்கும் அந்தப் படகில் டேப்லெட்டுக்கு இடமில்லை. வீட்டில் டேப்லெட் இருந்தால், புறப்படும் முன் வழியைத் திட்டமிடவும், திரும்பிய பின் பாயிண்டுகளைச் சேமித்துவைக்கவும் அது பயன்படும்.

கடற்புல், பவளம் போன்ற ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு ரக்கட் டேப்லெட்டும், படகோட்டியிடம் ஒரு கைஜிபிஎஸ்ஸும் என்பது சரியான சேர்க்கை. பதிவு ஒருவர் கையிலும், வழி வேறொருவர் கையிலும் இருப்பதால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

எதை வாங்குவதானாலும் நண்பகலில் கடைக்குப் போய், வெள்ளைச் சட்டையோடும் கடலில் அணியும் கூலிங் கிளாஸோடும், கருவியைத் தெருவுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கேளுங்கள். நெடுக்காகவும் படுக்கையாகவும் பிடித்துப் பாருங்கள். வரைபடத்தைத் திறந்து, முழு ஒளியில், வெயிலில் அரை மணி நேரம் வைத்திருக்கக் கடைக்காரர் இசைந்தால், மங்கும் கருவி அங்கேயே மங்கிக் காட்டும். இசையாவிட்டால், அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர் வீட்டு வளவில் வெயில் இறங்கும் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.